கடைசிக் குழாயில் எஞ்சும் குளோரின்: சிறிய ஊரின் குடிநீரைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

சில நூறு வீடுகள், ஓர் ஆழ்துளைக் கிணறு அல்லது ஊற்று, ஒரு மேல்நிலைத் தொட்டி, அதிலிருந்து தெருத்தெருவாகப் பிரியும் குழாய்கள், இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒருவர் அல்லது இருவர். சிறிய ஊர்களின் குடிநீர் அமைப்பு பெரும்பாலும் இவ்வளவுதான். இந்த நீரைக் குடிக்கலாமா என்று கேட்டால், "பரிசோதனை செய்தாயிற்று, நல்ல நீர் என்று அறிக்கை வந்திருக்கிறது" என்ற பதில் கிடைக்கும். அந்த அறிக்கை எவ்வளவு நீரைப் பார்த்து எழுதப்பட்டது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஐயாயிரம் பேருக்குக் குறைவாக வாழும் ஊரில், குழாய்நீரின் நுண்ணுயிர்ப் பரிசோதனைக்கு மாதம் ஒரு மாதிரியாவது எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பரிசோதனைக்குத் தேவைப்படுவது 100 மில்லிலிட்டர். ஆண்டு முழுவதற்கும் 12 மாதிரிகள், மொத்தம் 1.2 லிட்டர். ஆயிரம் பேர் வாழும் ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 3 கோடியே 65 லட்சம் லிட்டர் நீர் குழாய்களில் ஓடுகிறது. அவ்வளவு நீருக்கும் சாட்சி அந்த 1.2 லிட்டர்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. கிருமிகள் ஆய்வகத்தில் வளர்ந்து கண்ணுக்குத் தெரிய ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்க்கும் நேரமும், முடிவு திரும்பி வரும் நேரமும் தனி. "இந்த நீர் கெட்டது" என்ற செய்தி வருவதற்குள் அந்த நீரை ஊரார் குடித்து முடித்திருப்பார்கள்.

ஆய்வகப் பரிசோதனை வீண் என்று இதற்குப் பொருளில்லை. அமைப்பு சரியாக நடக்கிறதா என்பதை அது அவ்வப்போது உறுதிசெய்யும். அன்றாடம் காக்கும் வேலையை அதனால் செய்ய முடியாது. அந்த வேலையைச் செய்வது வேறொன்று: ஊரின் கடைக்கோடிக் குழாயில் நாள்தோறும் அளக்கப்படும் எஞ்சிய குளோரின். குடிநீரைப் பற்றி ஒருவர் ஒரே ஒரு எண்ணைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், அந்த எண்ணைத்தான் தெரிந்துகொள்ளச் சொல்வேன். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரை.

எதற்கு முதலில் அஞ்ச வேண்டும்

குடிநீரில் வரும் கேடுகள் இரண்டு வகை. கிருமிகள் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஆளைப் படுக்கவைக்கும். வேதிப்பொருட்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்ந்து மெல்லத் தீங்கு செய்யும். இரண்டும் முக்கியம்தான். ஆனால் ஓர் ஊரையே ஒரே வாரத்தில் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடியவை கிருமிகள். அதனால் அவற்றுக்குத்தான் முதலிடம்.

காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சள்காமாலையில் சில வகைகள் ஆகியவை நீர்வழி பரவும் நோய்கள். இவற்றின் மூலம் ஒன்றே: மனிதக் கழிவு அல்லது விலங்குக் கழிவு குடிநீரில் கலப்பது. நூற்றுக்கணக்கான கிருமிகளையும் தனித்தனியே தேடிப்பார்ப்பது இயலாத காரியம். எனவே ஆய்வகத்தில் ஈ.கோலி என்ற ஒரு பாக்டீரியாவைத் தேடுகிறார்கள். அது மனிதர்கள், விலங்குகளின் குடலில் ஏராளமாக வாழ்வது. அதன் பெரும்பாலான வகைகள் நோய் தருவதில்லை. ஆனாலும் குடிநீரில் அது இருந்தால், கழிவு எங்கோ கலந்திருக்கிறது என்று பொருள். கழிவு வந்த வழியில் மற்றக் கிருமிகளும் வரும். 100 மில்லிலிட்டர் நீரில் ஒரு ஈ.கோலிகூட இருக்கக் கூடாது என்பதே விதி.

பார்வை, மணம், சுவை ஆகிய மூன்றும் இதில் நமக்கு உதவாது. 1854-இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளை ஒவ்வொன்றாக விசாரித்து, அந்தத் தெருவிலிருந்த ஒரு கைப்பம்பின் நீரே காரணம் என்று கண்டறிந்தார். தொலைவில் வேறு பகுதியில் வசித்த ஒரு மூதாட்டியும் அப்போது காலராவால் இறந்திருந்தார். பிராட் தெரு நீரின் சுவை அவருக்குப் பிடித்திருந்ததால், அதை நாள்தோறும் வரவழைத்துக் குடித்து வந்தார் என்பது விசாரணையில் தெரியவந்தது. கெட்டுப்போன அந்த நீர் அவர் நாவுக்கு இனிமையாகவே இருந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள் பலவும் அச்சத்துக்குரியவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழாயிலிருந்து பால்போல் வெண்மையாக வந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளியும் நீரில் இருப்பது காற்றுக் குமிழ்கள். செம்பழுப்பு நிறம் பெரும்பாலும் இரும்புத் துரு. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. ஆழ்துளை நீரில் அது இயல்பாகவே இருக்கலாம். ஆனால் நேற்றுவரை தெளிவாக வந்த நீர் மழைக்குப் பின் திடீரெனக் கலங்கி வந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. மேற்பரப்பு நீர் எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது என்பதற்கு அது அடையாளம்.

எஞ்சிய குளோரின் என்பது என்ன

தொட்டியில் குளோரினைச் சேர்த்ததும் அது எதிர்ப்படும் எல்லாவற்றோடும் வினைபுரியத் தொடங்கும். கரைந்திருக்கும் இரும்பு, அம்மோனியா, மக்கிய இலைதழைகளின் சாறு, நுண்ணிய சேறு, கிருமிகள், குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் வழவழப்பான படலம் என ஒவ்வொன்றும் அதில் ஒரு பங்கைத் தீர்த்துவிடும். இத்தனைக்கும் கொடுத்தபின் நீரில் மிஞ்சியிருப்பதுதான் எஞ்சிய குளோரின். மாதச் செலவெல்லாம் போகக் கையில் நிற்கும் பணத்தைப் போன்றது அது. வழியில் எதிர்பாராமல் ஒரு கசிவு உள்ளே வந்தாலும், அதைச் சமாளிக்க அந்தக் கையிருப்பு வேண்டும்.

எவ்வளவு எஞ்ச வேண்டும்? குளோரின் கலந்த நீர் குறைந்தது 30 நிமிடம் நின்றபின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போது 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 8-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் குளோரினின் கிருமி கொல்லும் திறன் குறைந்துவிடும். நீர் கலங்கலாகவும் இருக்கக் கூடாது. கலங்கலை அளக்கும் அலகு என்டியு. குளோரின் சேர்க்கும் நேரத்தில் அது 1-க்குள் இருப்பது நல்லது. சேற்றுத் துகள்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரினால் நெருங்க முடியாது என்பதே காரணம். அதனால்தான் ஆறு, ஏரி நீரைப் பயன்படுத்தும் ஊர்களில் முதலில் வடிகட்டல், பிறகு குளோரின் என்ற வரிசை மாறவே கூடாது.

இந்த எண்ணின் உண்மையான மதிப்பு அது எச்சரிக்கை மணியாக வேலை செய்வதில்தான் இருக்கிறது. நேற்றுச் சேர்த்த அதே அளவு குளோரினைத்தான் இன்றும் சேர்த்திருக்கிறார்கள். நேற்றுக் கடைசித் தெருவில் 0.4 இருந்தது, இன்று 0.1 என்றால், நேற்று இல்லாத ஏதோ ஒன்று நீருக்குள் புகுந்து குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது. அது என்னவென்று இப்போது தெரியாமலிருக்கலாம். ஆனால் புகுந்துவிட்டது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. ஆய்வகம் நாளையோ மறுநாளோ சொல்லப்போவதை இந்தச் சிறு சோதனை இன்றே, நீர் இன்னும் குழாயில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறது.

அளப்பது கடினமில்லை. சிறு கண்ணாடிக் குழலில் குறிப்பிட்ட கோடுவரை நீரை எடுத்து, டிபிடி எனப்படும் மாத்திரையையோ பொடியையோ இட வேண்டும். குளோரின் இருந்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். உடன் வரும் நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைப் படித்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளால்கூடச் செய்ய முடிகிற சோதனை இது. கவனிக்க வேண்டியவை சில. மாதிரியைப் புட்டியில் பிடித்து வேறிடம் எடுத்துப் போய் அளக்கக் கூடாது. குளோரின் வழியிலேயே குறைந்துவிடும். வீட்டு மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அளக்கக் கூடாது. பொதுக்குழாயிலிருந்து நேரே வரும் நீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகு எடுக்க வேண்டும். மஞ்சள் நிறம் தரும் ஆர்த்தோடோலிடின் என்ற பழைய கரைசல் சில இடங்களில் இன்னும் புழங்குகிறது. அது நச்சுத்தன்மை உள்ளது, அளவும் அவ்வளவு துல்லியமாக இராது. அதை விட்டுவிடுவதே நல்லது.

எங்கே அளக்கிறோம் என்பதில் பலரும் தவறுகிறார்கள். தொட்டியின் அடியில் இருக்கும் முதல் குழாயில் அளந்தால் எண் எப்போதும் அழகாகவே இருக்கும். அளக்க வேண்டிய இடம் ஊரின் கடைசி வீடு, அழுத்தம் குறைந்த மேட்டுத் தெரு, நீர் தேங்கி நிற்கும் முட்டுக் குழாய். அங்கே 0.2 இருந்தால் ஊர் முழுவதும் இருக்கும்.

பிளீச்சிங் பவுடரின் கணக்கு

சிறிய ஊர்களில் குளோரின் பெரும்பாலும் பிளீச்சிங் பவுடராகத்தான் வருகிறது. புதிய பவுடரில் ஏறத்தாழ 33 விழுக்காடு பயன்படத்தக்க குளோரின் இருக்கும். ஒரு லட்சம் லிட்டர் நீருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 கிராம் குளோரின் தேவை. 33 விழுக்காட்டுப் பவுடரில் அது சுமார் 600 கிராம்.

இப்போது அந்த மூட்டை வாய் திறந்தபடி, வெக்கையும் ஈரமும் உள்ள அறையில் பல மாதங்கள் கிடந்திருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். அதன் வலு 20 விழுக்காடாகக் குறைந்திருந்தால், அதே 600 கிராமில் கிடைப்பது 120 கிராம் குளோரின்தான். ஊழியர் வழக்கம்போல அதே அளவைத்தான் கலந்திருப்பார். பதிவேட்டிலும் உண்மையைத்தான் எழுதியிருப்பார். ஆனால் நீருக்குக் கிடைத்தது, கிடைக்க வேண்டியதில் முக்கால் பங்குகூட இல்லை. "எவ்வளவு போட்டீர்கள்" என்ற கேள்வியைவிட "எவ்வளவு எஞ்சியது" என்ற கேள்வி மேலானது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. எவ்வளவு போடுவது என்பதையும் கடைசிக் குழாயின் எண்ணைப் பார்த்தே கூட்டவும் குறைக்கவும் வேண்டும். மழைக்காலத்தில் அதே நீர் கூடுதல் குளோரினைக் கேட்கும்.

பவுடரை நேரே தொட்டியில் கொட்டுவதும் சரியில்லை. அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தனி வாளியில் கரைத்து, வண்டல் அடியில் படிந்தபின், மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் தொட்டியில் சேர்க்க வேண்டும். மூட்டையை இறுகக் கட்டி, குளிர்ச்சியான, உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். கலப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கட்டாயம் தர வேண்டும். ஊருக்காக அவர் செய்யும் வேலையில் அவருடைய நுரையீரல் கெடக் கூடாது.

குளோரின் வாசனை பிடிக்கவில்லை என்ற குறை எங்கும் எழுகிறது. அந்தக் குறையை மதிக்கிறேன். குடிநீர் நாவுக்கும் இதமாக இருக்க வேண்டும். ஆனால் சிலருக்கு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இருந்தாலே வாசனை தெரியும். உடல்நலத்துக்காக வகுக்கப்பட்ட உச்ச அளவோ 5 மில்லிகிராம். வாசனை தெரிவதற்கும் தீங்கு செய்வதற்கும் இடையே பெரிய தொலைவு இருக்கிறது. குளோரினும் கரிமப் பொருட்களும் சேர்ந்து உருவாகும் துணைப்பொருட்கள் பற்றிய கவலைக்கு அடிப்படை உண்டு என்றாலும், அதற்கான மருந்து குளோரின் சேர்க்கும் முன் நீரை நன்றாக வடிகட்டுவது. குளோரினையே நிறுத்துவது பெரிய ஆபத்தைக் கையால் அழைப்பதாகும்.

குளோரினால் எல்லாவற்றையும் வெல்ல முடியாது என்பதும் உண்மை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் ஓடு குளோரினைத் தாங்கும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அது குடிநீரில் கலந்து சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது. அதைத் தடுக்க நல்ல வடிகட்டலோ புறஊதா ஒளியோ வேண்டும். புறஊதா ஒளியின் குறை என்னவென்றால், நீர் கருவியைக் கடக்கும் நொடியில் மட்டுமே அது வேலை செய்யும். கடந்தபின் குழாயில் நீருக்கு எந்தப் பாதுகாப்பும் இராது.

வாக்கர்டனில் நடந்தது

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள வாக்கர்டன், 2000-ஆம் ஆண்டில் 5,000-க்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்ந்த ஊர். கிணறுகளிலிருந்து நீர் எடுத்து, குளோரின் சேர்த்து, குழாய்களில் அனுப்பும் அமைப்பு அங்கே இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் பல நாட்கள் கனமழை பெய்தது. ஐந்தாம் எண் கிணறு ஆழம் குறைந்தது. அருகிலிருந்த பண்ணை நிலத்தின் மாட்டுச் சாணத்திலிருந்து, ஈ.கோலியின் கொடிய வகை ஒன்று மழைநீரோடு அந்தக் கிணற்றுக்குள் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். 2,300 பேர் நோயுற்றார்கள். குழந்தைகள் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது.

நீதிபதி டெனிஸ் ஓகானர் தலைமையில் நடந்த விசாரணையின் முடிவுகள், ஊர்க் குடிநீரில் அக்கறையுள்ள ஒவ்வொருவரும் அறிய வேண்டியவை. அந்தக் கிணற்றில் எஞ்சிய குளோரினை நாள்தோறும் அளக்க வேண்டும் என்பது விதி. ஊழியர்கள் பெரும்பாலான நாட்களில் அளக்கவில்லை. பதிவேட்டில் 0.5 என்றோ 0.75 என்றோ கற்பனையாக எழுதி வந்தார்கள். குளோரினையும் போதிய அளவு சேர்க்கவில்லை. அவர்கள் ஊருக்குக் கேடு நினைத்தவர்கள் அல்லர்; குளோரின் சேர்க்காத கிணற்று நீரைத் தாங்களே விரும்பிக் குடித்தவர்கள். அந்த நீர் நல்லது என்று மனமார நம்பினார்கள். வாசனை பிடிக்கவில்லை என்று ஊராரும் சொல்லிவந்தார்கள். மழைக்குப் பின் அந்த ஒரு அளவீட்டைச் செய்திருந்தாலே, ஏதோ தவறு என்று உடனே தெரிந்திருக்கும். நாள்தோறும் அளந்திருந்தால் பேரிழப்பைப் பெருமளவு குறைத்திருக்கலாம் என்பதே விசாரணையின் முடிவு. மே 17-இல் ஆய்வக முடிவு கையில் கிடைத்தும், அது சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை. நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தது மே 21-இல்.

இதிலிருந்து எவரும் பயன்படுத்தக்கூடிய ஓர் உத்தி கிடைக்கிறது. உங்கள் ஊரின் குளோரின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உண்மையான அளவீடுகள் நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறி இறங்கும்: 0.4, 0.3, 0.5, மழைநாளில் 0.1. மாதம் முழுவதும் 0.5, 0.5, 0.5 என்று ஒரே எண் வரிசையாக இருந்தால், யாரும் அளக்கவில்லை என்றே ஐயப்பட வேண்டும். அப்போது ஊழியரைக் குற்றவாளியாக நிறுத்துவதால் பயனில்லை. அவரிடம் சோதனைப் பெட்டி இருக்கிறதா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, எப்படி அளப்பது என்று யாராவது சொல்லித்தந்தார்களா, குறைந்த எண்ணை எழுதினால் திட்டு விழும் என்று அஞ்சுகிறாரா என்று கேட்க வேண்டும். கெட்ட செய்தியை அச்சமின்றி எழுதும் பதிவேடு ஊருக்குக் கிடைத்த பெரும் காவல்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த்தில் ஏறத்தாழ இதே கதை நடந்தது. நிலத்தடி நீர் தூய்மையானது என்ற நம்பிக்கையில் அங்கே குளோரினே சேர்க்கவில்லை. 2016 ஆகஸ்டில் கனமழை பெய்து, ஆட்டுப் புழுக்கை கலந்த நீர் கிணறுகளை எட்ட, 5,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

குழாய்க்குள் நடப்பது

நீர் தொட்டியை விட்டுப் புறப்படும்போது நன்றாக இருந்து, வீட்டுக்கு வரும்போது கெட்டிருக்கலாம். மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களில் சிறு கசிவுகள் இல்லாத ஊரே இல்லை. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை அந்த ஓட்டைகளின் வழியே நல்ல நீர் வெளியே போகும். இழப்புதான், ஆனால் ஆபத்தில்லை. நீரை நிறுத்தியதும் குழாய் காலியாகி, உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது ஓட்டையைச் சுற்றி மண்ணில் தேங்கியிருக்கும் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மறுநாள் நீர் திறந்துவிட்டதும் முதலில் வீடுகளுக்குப் போவது அதுதான். நாளில் சில மணி நேரம் மட்டும் நீர் விடும் ஊர்களில் இது நாள்தோறும் நடக்கும் வாய்ப்பு உண்டு. இதனால்தான், குறைந்த நேரமே நீர் வரும் இடங்களில், முதலில் வரும் நீரைச் சில நிமிடம் குடிக்கப் பிடிக்காமல் வேறு வேலைக்கு ஒதுக்குவது நல்லது.

பொதுக்குழாயில் நேரே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவது இந்த ஆபத்தைப் பலமடங்காக்கும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நீர் வராது என்பதோடு அது முடிவதில்லை. உறிஞ்சும் வேகத்தில் வழியிலுள்ள ஒவ்வொரு ஓட்டையும் வாய் திறந்து அழுக்கை உள்ளே வாங்குகிறது. அந்த அழுக்கு முதலில் போய்ச் சேர்வது உறிஞ்சியவர் வீட்டுக்கே. குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸின் மறுமுனையை வாளியிலோ பூச்சிமருந்துத் தொட்டியிலோ மூழ்கவிட்டாலும் இதே கதிதான். அழுத்தம் குறைந்த நொடியில் அங்கிருப்பது பொதுக்குழாய்க்குள் ஏறிவிடும். குழாயின் வாய்க்கும் பாத்திரத்தில் நிற்கும் நீருக்கும் இடையே எப்போதும் காற்றிடைவெளி இருக்க வேண்டும்.

ஒரு வால்வு என்ன செய்ய முடியும் என்பதற்குப் பின்லாந்தின் நோக்கியா நகரம் சான்று. 2007 நவம்பரில், கழிவுநீர் நிலையத்தில் சுத்திகரித்த கழிவுநீர்க் குழாயையும் குடிநீர்க் குழாயையும் இணைத்த வால்வு திறந்துவிடப்பட்டதால், லட்சக்கணக்கான லிட்டர் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். வசதிகளும் சட்டங்களும் நிறைந்த நாட்டிலேயே இது நடந்தது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு நடை போதும். நீர் ஊறும் இடத்திலிருந்து கடைசிக் குழாய்வரை, ஊரார் சிலர் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். கிணற்றைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தளம் வெடித்திருக்கிறதா? அதற்கு மேட்டுப்பக்கத்தில் கழிப்பறைக் குழியோ கால்நடைத் தொழுவமோ இருக்கிறதா? மேல்நிலைத் தொட்டியின் மூடி பூட்டியிருக்கிறதா, காற்றுக்குழாயில் வலை இருக்கிறதா, பறவை எச்சம் உள்ளே விழுமா? குழாய் எங்காவது சாக்கடைக்குள் ஓடுகிறதா? வால்வுக் குழியில் நீர் தேங்கி நிற்கிறதா? மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறையும், பெருமழைக்குப் பின் ஒருமுறையும் இந்த நடையை நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோய்க்கு வழி திறக்கும் ஓட்டைகளில் பல, பார்த்த அன்றே அடைக்கக்கூடியவை.

வேதிப்பொருட்களும் டிடிஎஸ் கருவியும்

பாறையிலிருந்து கரைந்து வரும் ஆர்செனிக், ஃபுளோரைடு போன்றவை நாளுக்கு நாள் மாறுவதில்லை. அதனால் புதிய கிணற்றைத் திறக்கும் முன் ஒருமுறை முழுமையாகச் சோதித்து, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். ஆனால் அந்த முதல் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. வங்கதேசத்தில் குளத்து நீரின் கிருமிகளிலிருந்து மக்களைக் காக்கவே 1970-களிலிருந்து பெருமளவில் குழாய்க்கிணறுகள் இறக்கப்பட்டன. அவற்றில் ஆர்செனிக் இருப்பது 1993-இல்தான் கண்டறியப்பட்டது. கோடிக்கணக்கானோர் அதற்குள் அந்த நீரைக் குடித்திருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள் லிட்டருக்கு இவை: ஆர்செனிக் 0.01 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம். நைட்ரேட் உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வருவது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே அதனால் ஆபத்து அதிகம், அவர்களின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். இவற்றில் எதுவும் கொதிக்கவைத்தால் போகாது. நீர் ஆவியாகி அளவு சுண்டுவதால் செறிவு கூடவே செய்யும். காரீயம் பெரும்பாலும் மூலத்திலிருந்து வருவதில்லை. பழைய குழாய்களிலிருந்தும் பித்தளைப் பொருத்துகளிலிருந்தும் கரைகிறது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014-இல் நீரின் மூலத்தை மாற்றியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் பொருளைச் சேர்க்காமல் விட்டதால் காரீயம் வீட்டு நீரில் ஏறியது.

டிடிஎஸ் கருவியைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேனா போன்ற அந்தக் கருவி நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை, மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதைக் கொண்டு மதிப்பிடுகிறது. அவ்வளவுதான். கிருமிகளை அது காண்பதில்லை. உயிருக்குக் கேடு செய்யும் அளவு ஆர்செனிக் இருந்தாலும் அதன் எண்ணில் மாற்றம் தெரியாது, ஏனெனில் அந்த அளவு அவ்வளவு நுண்ணியது. டிடிஎஸ் 80 காட்டும் நீரில் காலராக் கிருமி இருக்கலாம். 700 காட்டும் நீர் கொஞ்சம் உப்புக்கரித்தாலும் முற்றிலும் பாதுகாப்பாக இருக்கலாம். அந்த எண்ணைக் காட்டி வீட்டுக்குச் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவரிடம், கிருமியையும் குளோரினையும் பற்றிக் கேளுங்கள்.

வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி வைத்திருப்பவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. கரி வடிகட்டியும் ஆர்ஓ கருவியின் முன்வடிகட்டியும் குளோரினை நீக்கிவிடுகின்றன. அதன்பின் வரும் நீருக்குக் காவல் இல்லை. கழுவாத பாத்திரத்தில் நாள்கணக்கில் வைத்தால் அதில் கிருமிகள் தடையின்றிப் பெருகும். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே கிருமிகளின் இருப்பிடமாகும். எந்தக் கருவி இருந்தாலும் நீரை மூடிய, வாய் குறுகிய பாத்திரத்தில் வைத்து, கை படாமல் சாய்த்தோ குழாய் வழியாகவோ எடுக்க வேண்டும். நல்ல நீர் வீட்டுக்குள் வந்தபின் கெடுவது மிகப் பெரும்பாலும் உள்ளே நுழையும் கையால்தான்.

எண் பூஜ்ஜியமானால்

கடைசிக் குழாயில் குளோரின் இல்லை என்று தெரிந்தால், முதலில் ஒருமுறை மறுபடி அளந்து பார்க்க வேண்டும். மீண்டும் பூஜ்ஜியமே வந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். குடிக்கும் நீர், பல் துலக்கும் நீர், பச்சையாக உண்ணும் காய்கனிகளைக் கழுவும் நீர், குழந்தைக்குப் பால் கரைக்கும் நீர் எல்லாவற்றையும் கொதிக்கவைக்கச் சொல்ல வேண்டும். நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே வாழ்பவர்கள் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும், அங்கே நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைத்து, சுத்தமான துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். கொதித்ததை அதே பாத்திரத்தில் மூடியபடி ஆறவிட வேண்டும்.

அறிவிப்பு எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது தனி வேலை. முதியவர் தனியாக இருக்கும் வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, செய்தி எளிதில் எட்டாத ஒதுக்குப்புறக் குடியிருப்பு ஆகியவற்றுக்கு ஒருவர் நேரில் போக வேண்டும்.

இதற்கிடையே காரணத்தைத் தேட வேண்டும்: குளோரின் தீர்ந்துவிட்டதா, பவுடர் வலுவிழந்ததா, தொட்டியில் ஏதேனும் விழுந்ததா, குழாய் உடைந்ததா, மழைநீர் கிணற்றில் இறங்கியதா. சரிசெய்தபின் தொட்டிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளோரின் கொடுத்து, ஒவ்வொரு தெருவின் கடைசிக் குழாயையும் அந்த வாசனை வரும்வரை திறந்து ஓடவிட வேண்டும். கடைசிக் குழாய்களில் எண் மீண்டும் நிலையாக 0.2-க்கு மேல் நின்று, வெவ்வேறு நாட்களில் எடுத்த ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளில் ஈ.கோலி இல்லை என்று ஆய்வகமும் சொன்னபின்தான் கொதிக்கவைக்கும் அறிவிப்பை விலக்க வேண்டும். அன்று வீடுகளிலும் சிறிது வேலை இருக்கிறது: மாடித் தொட்டியைக் காலிசெய்து கழுவ வேண்டும், எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிட வேண்டும், பழைய நீரில் செய்த பனிக்கட்டியைக் கொட்டிவிட வேண்டும், வடிகட்டியை மாற்ற வேண்டும்.